விலகு என்பதற்குச் சீனத்தில்

கப்பல் திரும்பவில்லை.

கீழவைப்பாருக்கு நேரே, எங்கள் வள்ளத்தின் வலை முழுவதும் கடலுக்குள் இருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற கப்பல் அதன் மேலேயே வந்துகொண்டிருந்தது. முகப்பில் ஆள் உயரத்துக்குச் சீன எழுத்துகள்.

மாமா அம்புரோஸ் வயர்லெஸ்ஸில் தமிழில் ஏசினார். பதில் இல்லை. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்கும் இல்லை.

"சீனாக்காரனுக்கு எதுதான் காதுல ஏறும்? ஏலே ரெக்சா, கப்பல் ஏஜென்ட் ஆபீசுல அவன் பாஷையத்தான படிச்ச? அதுல சொல்லுலே. கெஞ்சாத."

கெஞ்ச வேண்டியதே இல்லை. வலை விரித்த படகு நினைத்த பக்கம் திரும்ப முடியாது. அதனால் எஞ்சினில் ஓடும் கப்பல்தான் விலக வேண்டும். எல்லா நாட்டுக் கப்பலுக்கும் இதுதான் சட்டம். பெரியது சின்னது என்ற பேச்சே அதில் கிடையாது.

ஆனாலும் ஒவ்வொரு முறையும் விலகுவது நாங்கள். போன மாதம் விலகியும் பாதி வலை போயிற்று. மிச்சத்தை ஒட்டுப்போட்டுத் தைத்ததுதான் இப்போது தண்ணீரில் கிடக்கிறது. இதுவும் போனால் மாமாவுக்குக் கடலில் வேலை இல்லை.

சீனத்தில் இதற்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறது. ராங். பேருந்தில் இடம் விட்டு எழுவதும் ராங், வாக்குவாதத்தில் இறங்கிவருவதும் ராங். எழுதினால் அதன் இடப்பக்கத்தில் பேச்சைக் குறிக்கும் சின்னம் ஒன்று நிற்கும். லூ என்றால் பாதை. ராங் லூ, வழிவிடு. இரண்டையும் மேலிருந்து கல்லைப் போடுவதுபோல இறக்கிச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் மாமாவிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மைக்கைப் பிடுங்கிவிட்டார்.

"நான் சொல்லுதேன். என் வலைல்லா."

முதல் முறை இழுத்தார்.

"இழுக்காதீங்க மாமா, கீழ போடுங்க."

இரண்டாம் முறை கல் விழுந்தது.

வயர்லெஸ் கரகரத்தது. பார்த்தாயா என்பதுபோல மாமா என் பக்கம் தலையை ஆட்டினார்.

"அண்ணாச்சி, கப்பல் கைமாறி வருசமாச்சு. பேரைத்தான் இன்னும் அழிக்கல."

எங்கள் ஊர்ப்பக்கத்துக் குரல். அவசரமே இல்லாத குரல்.

"சீனாக்காரன் யாரும் இங்கன இல்ல. நீங்க மொதல்ல ஏசினதே கேட்டுச்சு. வலையை அறுத்துட்டு வெலகுங்க."