இடப்பக்கம் சுற்றிய கொடி

“இந்த ஊதா வெளிச்சத்துல தக்காளியா காய்க்கும்? பேய்தான் காய்க்கும்!” என்று, செடி வளர்க்கும் எல்இடி விளக்கைக் கடைசிவரை தன் கண்ணாடிக்கூடத்துக்குள் விடாதவர் வெஸல். அவர் இறந்தபின் வந்த இரண்டாவது குளிர்காலத்தில் மனைவி டினேக்கே அதை மாட்டினாள்.

மறுவாரமே, பதினான்காம் வரிசைத் தக்காளிக் கொடிகளை யாரோ கயிற்றில் இடப்பக்கமாகச் சுற்றிவிட்டிருந்தார்கள். ஹாலந்து முழுக்க வலப்பக்கம்தான் சுற்றுவார்கள். இடக்கைக்காரரான வெஸலுக்கு மட்டும் அது வரவே வராது. நாற்பது வருடம் திட்டியிருக்கிறாள்.

“டானுட்டா, நீயும் இடக்கையா?”

“நான் இன்னும் அந்த வரிசைக்கே போகலையே அக்கா,” என்றாள் வேலைக்கு வந்திருந்த போலந்துக்காரி.

டினேக்கே போய்ப் பார்த்தாள். கடைசிக் கொடி பாதி சுற்றியபடி நின்றது. மணி பத்து. காப்பி நேரமென்றால் வெஸல் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவார்.

“ஊதா வெளிச்சம் பிடிச்சுப்போச்சாக்கும்?” என்றபடி, அவள் இரண்டாவது கோப்பையையும் நிரப்பினாள்.