ஒருவருக்கு மட்டும் அனுமதி

மகள் விபத்தில் இறந்த பிறகு செண்பகவல்லியும் அவள் கணவன் சற்குணமும் ஆலோசனை மையத்துக்குப் போனார்கள். வாசலில் இருந்த இயந்திரம் இருவரிடமும் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தது. அவளுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அவனுக்குச் சிவப்பு. 'மனம் திறக்காதவர், ஆலோசனையால் பலன் இராது' என்றது திரை.

"பேச முடியாமத்தானே இங்க வந்தேன்?" என்று கேட்டான் சற்குணம்.

இயந்திரம் அடுத்தவரை அழைத்தது.

அன்று பைக்கை ஓட்டியவன் அவன்தான். அதன்பிறகு சாவியைத் தொடவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. அதனால் உள்ளே போன செண்பகவல்லி ஆலோசகரிடம் பொய் சொன்னாள்.

"நான்தான் மேடம் வண்டி ஓட்டுனேன். பாப்பா பின்னாடி உக்காந்திருந்தா."

ஆலோசகர் சொன்ன ஆறுதலையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவனோடு உட்கார்ந்து பூண்டு உரித்தபடியே தன் வார்த்தைகளில் சொன்னாள். சில வாரங்களில் அவன் வாய்விட்டு அழுதான். பிறகு பசிக்கிறது என்றான். ஒருநாள் மகளின் பெயரைச் சொன்னான். அதையெல்லாம் தனக்கு நடந்ததாகவே அவள் ஆலோசகரிடம் சொல்லிவந்தாள்.

"நல்லாத் தேறிட்டீங்கம்மா. இனி நீங்க வர வேண்டாம்" என்று ஆலோசகர் சந்தோஷமாக விடைகொடுத்தார்.

தன் துக்கத்தைப் பற்றி அவள் அங்கே ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் திரும்பவும் போய் இயந்திரத்தின் முன் நின்றாள். வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது சற்குணம் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏன் செம்பா, இப்பல்லாம் நீ பேசவே மாட்டேங்கிறியே?"