கடல் தாண்டி வந்த செடி

"இந்தச் செடியை மட்டும் கண்காட்சிக்குக் கொண்டு போகாதேம்மா!" தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார் அப்பா.

ஓவியக்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருட உழைப்பு. பன்னிரண்டு ஓவியங்கள். அத்தனையிலும் இதே செடிதான். அம்மா கல்யாணமாகிக் கடல் தாண்டி வந்தபோது பிறந்த ஊரிலிருந்து எடுத்து வந்தது.

"நீ எந்த ஊர்க்காரின்னு கேட்கிறவங்களுக்கு இதுதான்ப்பா என் பதில். வேர் அம்மா ஊரு, தொட்டி உங்க ஊரு. நாளைக்குப் படங்களுக்கு நடுவுல இதை வைக்கப் போறேன்."

"திறந்து வைக்கிறது யாரு?"

"தாவரவியல் பேராசிரியர்."

"போச்சுடா! குட்டு உடைஞ்சுது!"

சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"நீ பொறந்தப்போ உங்கம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. செடிக்குத் தண்ணி ஊத்துங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. உன்னைப் பார்த்த சந்தோஷத்துல மறந்தே போச்சு. காய்ஞ்சு கருவாடாயிடுச்சு. நல்லவேளை, தெருமுனையில அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு முளைச்சுக் கிடந்தது. பிடுங்கி நட்டுட்டேன். அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"அப்போ நான் மூணு வருஷமா வரைஞ்சது?"

"நம்ம தெருக் களைம்மா."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழைப்பிதழில் 'அம்மாவின் மண்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நாளைக்கு எல்லாரும் கைகொட்டிச் சிரிக்கப் போகிறார்கள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அப்பா அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார்.

"எல்லாம் காதுல விழுந்துது. இதுக்கா மூக்கைச் சிந்தறே? பேராசிரியர் கேட்டா உள்ளூர்ச் செடின்னே சொல்லு."

"தலைப்பு?"

"அதுக்கென்ன? முப்பது வருஷமா இங்கே குப்பை கொட்டறேன். இது என் மண்ணு இல்லாம வேற யார் மண்ணு?"

மகளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"அப்பா மேல உனக்குக் கோபமே வரலையாம்மா? அவ்வளவு தூரம் பத்திரமாக் கொண்டு வந்த செடியாச்சே!"

அம்மா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அப்பாவைப் போலவே குரலைத் தாழ்த்தினாள்.

"நான் தனியா வந்து இறங்கினப்போ அதை விமான நிலையத்துலயே, வெளிநாட்டுச் செடிக்கு அனுமதி இல்லேன்னு பிடுங்கிக் குப்பையில போட்டுட்டாங்கடி. செடியைப் பார்க்கணும்னு உங்கப்பா ஆசையா இருந்தாரு. ஏமாந்து போவாரேன்னு, அவர் ஆபீஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள நானும் தெருமுனையிலதான் ஒண்ணைப் பிடுங்கிட்டு வந்து நட்டேன். என் ஊர்ச் செடி இவர் தெருவுல எப்படி முளைச்சுதுன்னு அந்த மனுஷன் ஒரு நாளாவது யோசிச்சாரா பாரு!"