காலைக்காரர்கள், மதியக்காரர்கள்

விமானத்தின் வயிற்றுக்குள் செருகியிருந்த துண்டுச்சீட்டை உருவியதும் கர்ட்டன் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்து வருஷமாகத் திரை இழுத்ததற்கு இன்றைக்குத்தான் ஓர் ஒற்றன் அகப்பட்டிருக்கிறான்!

சீட்டைப் பிரிக்கக்கூடப் பொறுமையில்லை. அதற்குள் டைரக்டருக்குப் போன் போட்டுவிட்டார்.

அவர் வேலை அப்படி. போர் விமானம் செய்யும் அந்தக் கம்பெனி, எலியும் பூனையுமாக இருக்கும் இரண்டு பக்கத்து நாடுகளுக்கும் ஒரே விமானத்தை விற்றிருந்தது. கேட்டால், "நாங்க யார் பக்கமும் சாயறதில்லை" என்று நியாயம் பேசும். விற்றால் போதுமா, பழுது பார்க்கவும் சொல்லித் தர வேண்டாமா? இரண்டு நாட்டு மெக்கானிக்குகளும் வந்து இறங்கினார்கள். இருப்பதோ ஒரே பயிற்சிக்கூடம், ஒரே பயிற்சி விமானம்.

ஆகவே காலையில் ஒரு நாடு, மதியம் இன்னொரு நாடு. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது. இரண்டு நாட்டிலும் பேச்சு ஒன்றுதான் என்பதால் இன்னும் கட்டுக்காவல்.

பன்னிரண்டரை மணிக்கு நீலத் திரையை இழுத்துவிட்டு, காலைக்காரர்களைப் பின்வாசலால் அனுப்பி, போர்டைத் துடைத்து, மதியக்காரர்களை முன்வாசலால் உள்ளே விடுவதுதான் சாரின் உத்தியோகம். அட்டையில் 'பயிற்சி மேலாளர்' என்று போட்டிருந்தாலும் எல்லாருக்கும் அவர் கர்ட்டன் சார்தான்.

நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து சீட்டைப் பிரித்தார்.

'சக்கரக் கதவு திடீர்னு மூடிக்குது. பூட்டு மாட்டியிருந்தாலும் நம்பாதே. கையை விடுறதுக்கு முன்னாடி கட்டை வச்சு முட்டுக் கொடு. என் விரல் போச்சு. உன்னோடது பத்திரம்.'

கீழே வேறொரு கையெழுத்து. 'ரொம்ப நன்றி அண்ணே. கட்டை வச்சேன், தப்பிச்சேன்.'

சாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ரேடார் ரகசியமாவது இருக்கும் என்று நினைத்தவர் அவர். ஆனாலும் எதிரிக்கு எழுதியது எழுதியதுதானே?

ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. காலைக்காரர்களில் ஒருவனுக்குத்தான் இடது கையில் கட்டு.

"இது நீ எழுதினதா?"

"ஆமா சார்."

"யாருக்கு?"

"பேரு தெரியாது சார். மதியம் அந்தக் கதவுக்குள்ள கை விடுறவங்களுக்கு."

"அவங்க உன் எதிரிய்யா! நாளைக்கு இதே விமானத்துல வந்து உன் வீட்டு மேல குண்டு போடுவாங்க."

"போட்டாலும் போடுவாங்க சார். நாங்களும்தான் போடுவோம். ஆனா இங்க ரெண்டு பேரையும் கடிக்கிறது ஒரே கதவுதானே?"

"வாய் நீளுது உனக்கு. கோளாறுன்னா முறைப்படி புகார் எழுதித் தர வேண்டியதுதானே?"

"மூணு தடவை எழுதினேன் சார். உங்க கையிலதான் குடுத்தேன்."

கர்ட்டன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த மூன்றும் அவர் மேஜையில் டீ கிளாஸுக்கு அடியில்தான் கிடந்தன. கம்பெனி விமானத்தில் குறை என்று மேலே எழுதிக் கெட்ட பேர் வாங்க அவருக்கு என்ன தலையெழுத்தா?

"மேல சொல்லிடாதீங்க சார். ஊருக்கு அனுப்பினா தேசத்துரோகின்னு உள்ளே தள்ளிடுவாங்க. என் சின்னவளுக்கு இன்னும் நடக்கவே வரலை."

கும்பிட்ட கைகளில் ஒன்பது விரல்தான் இருந்தது. சாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த அவசரக்குடுக்கைத்தனத்தால் ஒரு குடும்பமே தெருவுக்கு வரப் போகிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டார். சரி, டைரக்டர் காலில் விழுந்தாவது பேசிப் பார்ப்போம் என்று மாடி ஏறினார்.

அறைக் கதவைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோபாவின் இந்தக் கோடியில் காலை நாட்டுத் தளபதி, அந்தக் கோடியில் மதிய நாட்டுத் தளபதி! பழக்கதோஷத்தில் அவர் கை திரைக் கயிற்றைத் தேடியது.

"பயப்படாதய்யா. ஒப்பந்த விஷயமா நான்தான் வரச் சொன்னேன்" என்றார் டைரக்டர்.

தளபதிகள் இருவரும் விறைத்த முகத்தோடு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட்டு முதலில் காலைத் தளபதி கைக்குப் போனது. படித்ததும் அவர் மீசை துடித்தது.

"எதிரியோட விரலுக்கு இவன் காவலா? இன்னிக்கே மூட்டை கட்டி அனுப்புங்க. மத்ததை நான் ஊர்ல பார்த்துக்கறேன்."

மதியத் தளபதி சீட்டை வாங்கிப் படித்தார். "இதுக்கு நன்றி சொன்னவன் என் ஆளா? அவனையும் அனுப்புங்க. அண்ணனாம், அண்ணன்! எதிரி நாட்டுக்காரன்கூட என்னய்யா உறவு வேண்டிக்கிடக்கு?"

"ஐயா, அவன் எழுதினது உண்மைங்க. கோளாறு கதவுலதான். விரலே போயிருக்கு..." என்று எப்படியோ சொல்லிவிட்டார் கர்ட்டன் சார். அவர் ஆயுசில் பேசிய ஒரே நல்ல பேச்சு அதுதான்.

"கதவை அடுத்த மாடல்ல பார்த்துக்கலாம்" என்றார் டைரக்டர். "நீ போய் ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடு. ஒரே விமானத்துல போட்டுத் தொலைக்காதே."

சார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்துவதற்குள் காலைத் தளபதியின் குரல், இப்போது தேனொழுகக் கேட்டது.

"இவனுங்களை விடுங்க. நீங்க சொல்லுங்க சம்பந்தி, நம்ம பிள்ளைங்க கல்யாணத்தை எந்த மாசம் வச்சுக்கலாம்?"