சாமுவேலா, நரசிம்மனா?

பிறப்புப் படிவத்தோடு ஆஸ்பத்திரி கிளார்க் பாரதி வராந்தாவில் நின்றாள். குழந்தையின் பெயருக்காக இரண்டு சம்பந்திகளும் மல்லுக்கட்டும் சத்தம் அறைக்கு வெளியே கேட்டது.

“சாமுவேல்தான். கடவுள் காது கொடுத்துக் கேட்டாருன்னு அர்த்தம். சர்ச்சுல நான் முட்டி போட்டது வீண் போவல.”

“நரசிம்மன்தான். சோளிங்கர் மலைய நான் சும்மாவா ஏறினேன்?”

ஷூ கம்பெனி ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று குழந்தையின் அப்பா கார்முகிலன் கையைப் பிசைந்தான்.

“மதம் விட்டு மதம் கட்டினா இதான் பேஜாரு,” என்றாள் பாரதி. “உங்க மாமியாரு சாமுவேல விடமாட்டாங்க போல.”

“அது எங்கம்மா சந்திராங்க. மலையேறினவங்கதான் மாமியாரு, ஸ்டெல்லா.”

பாரதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்ப இன்னா எழுதட்டும்?”

“சாமுவேல்னே எழுதுங்க மேடம். எந்தக் கடவுள் கேட்டாருன்னு அதுல இல்லியே.”