அரை பாட்டில்

சைக்கிளை மிதித்துக்கொண்டே பாட்டிலை ஆட்டிப் பார்த்தான். பாதிக்கும் கொஞ்சம் குறைவு.

இன்னும் முப்பத்திரண்டு கிலோமீட்டர்.

நம்பி வந்த பெட்டிக்கடை பூட்டிக் கிடந்தது. வாசலில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அதற்குப் பிறகு வெறும் தேரிக்காடு. செம்மணல், பனை, உடைமரம். வாயில் ஊற்றிக்கொள்ள எதுவும் இல்லை.

பத்து கிலோமீட்டருக்கு இரண்டு மடக்கு. காலையிலிருந்து அதுதான் அவன் கணக்கு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டபோதும் மீறவில்லை. மிச்சம் பிடித்ததெல்லாம் கூட வரும் கதிரேசனுக்காக.

கதிரேசனுக்குத் தண்ணீர்க் கணக்கு என்றைக்கும் வந்ததில்லை. முதல் ஐம்பது கிலோமீட்டரிலேயே தன் இரண்டு பாட்டிலையும் காலி செய்துவிட்டு இந்தப் பாட்டிலுக்குக் கை நீட்டுவான். நான்கு வருடமாக, எல்லா நெடும்பயணத்திலும் அப்படித்தான். அந்த மகராசன் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. இவனும் திட்டிக்கொண்டே கொடுப்பான்.

ஓட்டிக்கொண்டே பல்லால் இழுத்துத் திறக்க வேண்டிய மூடி. அதில் இரண்டு பேருடைய பல் தடமும் இருந்தது.

இன்றைக்குக் கதிரேசன் கை நீட்டவில்லை.

கதிரேசனின் பாட்டில்கள் காய்ந்து இருபது கிலோமீட்டர் ஆகிவிட்டது. உதடு வெடித்து ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. இரண்டு முறை அவன் பாட்டிலை நீட்டினான். இரண்டு முறையும் கதிரேசன் தாகமில்லை என்று தலையை ஆட்டினான்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் கதிரேசன் முதல் தடவையாக அவன் வீட்டுக்கு வந்தான். வழி தெரியாமல் மெயின்ரோட்டில் நின்று போன் செய்தான். ஊர்த்தெருவைத் தாண்டிக் காலனி ஆர்ச்சுக்குள் வரச் சொன்னபோது, “காலனிக்குள்ளயாடே?” என்று இரண்டு தடவை கேட்டான்.

அம்மா காபி கொடுத்தாள். வயிறு சரியில்லை என்று கதிரேசன் தொடாமல் வைத்துவிட்டுப் போனான். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வயிறு சரியில்லை என்பதை அந்த வீட்டில் அவன் ஒருவன்தான் நம்பினான்.

அடுத்த மேட்டில் கதிரேசனின் சைக்கிள் தள்ளாடியது. காலை ஊன்றி நின்றுவிட்டான். முகம் வெந்து சிவந்திருந்தது.

அவன் தன் சைக்கிளை அப்படியே சரித்துப் போட்டுவிட்டு ஓடினான். கதிரேசனின் ஹெல்மெட்டைக் கழற்றினான். பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோனான்.

கதிரேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“குடிக்க வேண்டாம்டே. தலைல கொஞ்சம் ஊத்து, போதும்.”

மடக்கு மடக்காக மிச்சம் பிடித்த தண்ணீர். ஆத்திரமாக வந்தது. ஆள் விழுந்துவிடுவானோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஊற்றினான்.

தண்ணீர் உச்சியில் விழுந்து நெற்றியில் இறங்கியது. மூக்கில் வழிந்தது. வெடித்த உதட்டுக்கு வந்தது.

கதிரேசன் உதட்டை இறுக மூடிக்கொண்டான்.

ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

கதிரேசனின் மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்தது. விழுந்த இடம் உடனே காய்ந்தது. கதிரேசன் சட்டைக் கையால் வாயைத் துடைத்தான். போதாதென்று இன்னொரு தடவை துடைத்தான்.

அம்மா அந்தக் காபியை என்ன செய்தாள் என்று அவன் கேட்கவே இல்லை.

பாட்டிலில் நான்கு மடக்கு இருந்தது. பல் தடத்தின் மேல் வாயை வைத்து, கணக்குப் பார்க்காமல், எல்லாவற்றையும் குடித்தான். தொண்டை நனைந்தது.

சைக்கிளை நிமிர்த்தி ஏறினான்.

எதிர்க்காற்று. எப்போதும் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு முன்னால் போகிறவன் அவன்தான்.

கொஞ்ச தூரத்தில் பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது. கதிரேசன் வந்துவிட்டான். வழக்கம்போல, காற்றுப் படாமல், அவன் முதுகை ஒட்டி.