இடதுபக்கத் தாங்கி

“தபால்காரன் கையில வெல்டிங்கைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்!”

மால்கம் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திரை விலகியது.

விலகாதா பின்னே? அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கவென்ட்ரியின் அந்தத் தெருவில் பாதி அவர் வீட்டு வாசலில்தான் நின்றது. இரண்டு வருஷமாக ஷெட்டில் வைத்து அவர் கட்டி அழுத கார், இன்றைக்குத்தான் காராகப் போகிறது. பழைய கார் ஒன்றைப் பிரித்துக் கழற்றிய இரும்புச் சட்டத்தின் மேல், லாரியில் வந்திறங்கிய புதுப் பச்சை ஃபைபர் பாடியை ஆறு பேராகத் தூக்கி வைக்க வேண்டும். கூலி, தேநீரும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும்.

தூக்கி வைத்தார்கள். மூன்று மூலை உட்கார்ந்தது. பின்னால் இடது மூலை மட்டும் ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. போல்ட் நுழையவில்லை.

அந்த மூலையில் பாடியைத் தாங்க வேண்டிய இரும்புத் தாங்கியைப் பற்றவைத்தவன் நெவில். வேலை, வீடு வீடாகத் தபால் கொடுப்பது. வெல்டிங் கற்றது மாலை வகுப்பில். காதலிப்பது மால்கமின் மகள் ஹேசலை.

“பாடி உக்காந்ததும் நெவில் உன்கிட்ட ஒண்ணு கேப்பான்ப்பா. அவன் மேல எரிஞ்சு விழாத” என்று அவள் காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள். என்ன கேட்பான் என்று அப்பனுக்குத் தெரியாதா?

ஆனால் பாடி உட்கார்ந்தால்தானே! ஆயுசில் பாதியைக் கார் ஃபேக்டரியில் கழித்த மனுஷன். அங்கே கூட வேலை பார்த்து, இன்று தூக்க வந்தவர்கள் முன்னால் மால்கமை அவமானம் பிடுங்கித் தின்றது.

“தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஸ்டாம்ப் ஒட்டுற மாதிரி எச்சில் தொட்டு ஒட்டிட்டியா?”

பக்கத்து வீட்டு லென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “விடு மால்கம், வீடு மாத்தி டெலிவரி பண்ணிட்டான்!”

நெவில் டார்ச்சைக் கையில் எடுத்தான். “கொஞ்சம் தூக்கிக் கட்டை குடுங்க” என்று அடியில் நுழைந்தான்.

டார்ச் வெளிச்சம் அடியில் அலைந்து ஓரிடத்தில் நின்றது. பிறகு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“என் தப்புதான் சார். தாங்கி கொஞ்சம் மேல நிக்குது. அரத்தைக் குடுங்க, ராவிடுறேன்.”

கரகரவென்று ராவும் சத்தம் கேட்டது. ஹேசல் டீத் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். அவள் காதில் விழட்டும் என்றே மால்கம் சொன்னார்.

“ஒரு தாங்கியை ஒழுங்கா நிறுத்தத் தெரியல. இவன் ஒரு குடும்பத்தை எங்க நிறுத்தப் போறான்?”

ராவும் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி தொடர்ந்தது.

வெளியே வந்த நெவிலின் முகம் காது வரை சிவந்திருந்தது. கட்டையை எடுத்தார்கள். பாடி கச்சிதமாக உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவன் அரத்தை ஷெட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, கேட்க வந்ததைக் கேட்காமல், “அப்ப நான் கெளம்புறேன் சார்” என்றான்.

“டீயாவது குடிச்சிட்டுப் போ” என்று ஹேசல்தான் பிடித்து நிறுத்தினாள். அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

மால்கம் போல்ட் முடுக்க ஸ்பேனர் தேடி ஷெட்டுக்குள் போனார்.

அவருடைய கருவிப் பலகை அந்தத் தெருவுக்கே பிரசித்தம். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே அந்தக் கருவியின் உருவம் வெள்ளை பெயின்டில். நெவில் மட்டும் எப்போதும் தலைகீழாக மாட்டி வாங்கிக் கட்டிக்கொள்வான்.

இன்றும் ஒரு ஸ்பேனர் தலைகீழாகத் தொங்கியது.

“எத்தனை தடவை சொன்னாலும்...” என்று கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். அதன் முனையில் பச்சை ஃபைபர் தூள் அப்பியிருந்தது. பாடிக்கு அடியில் மாட்டி நசுங்கினால்தான் அப்படி ஒட்டும்.

காலையில் ஹேண்ட்பிரேக் கம்பியை முடுக்கிவிட்டு அந்த ஸ்பேனரைச் சட்டத்தின் இடது மூலையிலேயே வைத்தவர் யார்? “கருவியெல்லாம் பலகைக்குப் போயாச்சு, தூக்குங்க!” என்று பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தியவர் யார்?

டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தார். இடதுபக்கத் தாங்கியில் கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. விளிம்பில்கூட ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் தரையில் ஓர் உதவாத இரும்புத் துண்டு கிடந்தது. புதிதாக ராவப்பட்டு மின்னியது அதுதான்.

மால்கமுக்கு வெளியே வரவே கூசியது. வந்தார்.

“நெவில், இந்த ஸ்பேனர்...”

அவர் முடிப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். “மறுபடியும் தலைகீழா மாட்டிட்டேனா? மன்னிச்சுக்குங்க சார்.”

கொல்லென்று சிரித்தார்கள். “இவன் தேற மாட்டான்!” என்றார் லென்.

சிரிப்போடு சிரிப்பாக விட்டிருந்தால் அதோடு போயிருக்கும். அதற்கும் அவனே வழி செய்து கொடுத்துவிட்டான். அதைத்தான் மால்கமால் தாங்க முடியவில்லை.

“தலைகீழா மாட்டுனது அவன்” என்றார், ஸ்பேனரை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து. “இதைச் சட்டத்து மேலயே மறந்து வெச்சிட்டு, பாடி உக்காராத பழியை அவன் தலையில போட்டது நான். அந்தத் தாங்கியில ஒரு குறையும் இல்ல.”

நெவில் தலையைக் குனிந்துகொண்டான்.

“நிமிர்ந்து நில்லுப்பா. கேக்க வந்ததைக் கேளு. இங்க தலை குனிய வேண்டியவன் நான் ஒருத்தன்தான்.”